சோளக்காட்டில் வழி தவறினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென்சில்வேனியாவுக்குக் குடிவந்ததிலிருந்து, அக்டோபர் பிறந்தால் யாரையாவது மக்காச்சோளப் புதிர்ப்பாதைக்குக் கூட்டிப்போகும் வேலை என் தலையில் வந்து விழும். இரண்டு வருடத்துக்கு முன் ஊரிலிருந்து அப்பா வந்திருந்தபோது அதற்குள் நன்றாக மாட்டிக்கொண்டேன். அந்தக் கதையை ஒரு பிறந்தநாள் விருந்தில் வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து அப்பா அம்மா வரப்போகும் வீட்டுக்காரர்கள் எல்லாரும் என்னிடம்தான் கேட்கிறார்கள். பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

கார்ன் மேஸ் என்றால் என்ன?

ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்த மக்காச்சோளக் காட்டுக்குள் வளைந்தும் கிளைபிரிந்தும் போகும் பாதைகள். உள்ளே ஒரு வழி, வெளியே ஒரு வழி, நடுவில் எத்தனையோ முட்டுச்சந்துகள். காசு கொடுத்து உள்ளே போய் வெளியே வரத் திண்டாட வேண்டும். ஆங்கிலத்தில் மக்காச்சோளத்துக்கும் புதிர்ப்பாதைக்கும் உச்சரிப்பு ஒன்றே, மேஸ். பெயரில் பாதி விளையாட்டு அங்கேயே முடிந்துவிட்டது.

யார் தொடங்கியது?

இப்போது நாம் பார்க்கும் வகை 1993இல் இதே பென்சில்வேனியாவில், ஆன்வில் என்ற சிற்றூரில் தொடங்கியது. நாடகத் தயாரிப்பாளர் டான் ஃபிரான்ஸ், புதிர்ப்பாதை வடிவமைக்கும் ஆங்கிலேயர் ஏட்ரியன் ஃபிஷர் இருவரும் சேர்ந்து டைனோசர் வடிவில் ஒன்றை வெட்டினார்கள். அந்த வருடம் அமெரிக்காவின் நடுப்பகுதியில் பெருவெள்ளம். வெள்ளத்தில் நொந்த விவசாயிகளுக்குப் பணம் திரட்டத்தான் அதை நடத்தினார்கள். அப்புறம் பண்ணைக்காரர்களுக்கு இதில் வருமானம் இருப்பது புரிந்துவிட்டது. இன்று இலையுதிர்காலத்தில் பூசணிக்காய், ஆப்பிள் சைடர், டிராக்டர் சவாரி என்று நடக்கும் பண்ணைத் திருவிழாக்களில் இதற்கும் ஓர் இடம் உண்டு.

பாதையை எப்படி வெட்டுகிறார்கள்? செடிகளை விலக்கிக்கொண்டு நேராக வெளியே வந்துவிட முடியாதா?

வழக்கமான விதைப்பைவிடத் தாமதமாக விதைப்பார்கள், அக்டோபரிலும் கொஞ்சம் பச்சை நிற்க வேண்டும் என்பதற்காக. பயிர் முழங்கால் உயரம் வருவதற்குள் வரைபடத்தை வைத்துப் பாதையை வெட்டி எடுத்துவிடுவார்கள். இப்போதெல்லாம் டிராக்டரிலேயே ஜிபிஎஸ் இருப்பதால் வேலை சுலபம். சாதாரண வயலில் வரிசைக்கு வரிசை முக்கால் மீட்டர் இடைவெளி இருக்கும், குனிந்து பார்த்தால் கடைசிவரை கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதனால் பல பண்ணைகளில் குறுக்கிலும் நெடுக்கிலுமாக இரண்டு முறை விதைக்கிறார்கள். அப்போது அது சுவர் மாதிரி நிற்கும்.

விலக்கிக்கொண்டு வரலாம்தான். ஆனால் விதிப்படி அதற்கு அனுமதி கிடையாது, தட்டை முறியும், தோகை கையைக் கிழிக்கும். விவசாயி மகளாக இருந்துகொண்டு அந்த யோசனை எனக்கு வந்ததை ஒப்புக்கொள்ளவே வெட்கமாக இருக்கிறது.

சரி, நீங்கள் எப்படி மாட்டினீர்கள்?

ஒரு சனிக்கிழமை மூன்றரை மணிக்கு உள்ளே போனோம். நான், கணவர், பதினோரு வயது மகள், ஏழு வயது மகன், அப்பா. வாசலில் இருந்த பெண் ஒரு நீளக் கழியில் கட்டிய கொடியும், கட்டம் போட்ட ஒரு தாளும் கொடுத்தாள். உள்ளே அங்கங்கே தபால்பெட்டி இருக்கும். ஒவ்வொன்றிலும் வரைபடத்தின் ஒரு துண்டு, அதை எடுத்துத் தாளில் ஒட்ட வேண்டும். எல்லாத் துண்டும் சேர்ந்தால் முழு வரைபடம். முடியாதவர்கள் கொடியை ஆட்டினால் ஆள் வருவார்.

"கொடியெல்லாம் வேண்டாம், எனக்கு வழி தெரியும்" என்றேன். அது பொய்யில்லை. வீட்டில் வழி சொல்கிறவள் நான்தான். சென்னையில் படித்த காலத்தில் எந்தச் சந்துக்குள் விட்டாலும் வெளியே வந்துவிடுவேன்.

முதல் ஐந்து துண்டு மளமளவென்று கிடைத்தது. அப்புறம் நீலச் சாயம் அடித்த ஒரு கம்பம் நட்ட முச்சந்தி வந்தது. வலது பக்கம் என்றேன். முட்டுச்சந்து. திரும்பி வந்து வேறு பக்கம் போனோம். ரொம்ப நேரம் நடந்தபின் மறுபடியும் ஒரு நீலக் கம்பம். "இது வேற கம்பம்" என்றேன். "நிறைய வெச்சிருப்பாங்க."

அப்போதுதான் என் மகன் சொன்னான். "இல்லம்மா, இதே கம்பம்தான். நான் இங்க தோகையில முடிச்சுப் போட்டேன். பாருங்க." கம்பத்தை ஒட்டி நின்ற செடியில் ஒரு தோகை முடிச்சிடப்பட்டிருந்தது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வேற எந்தப் பையனாவது போட்டிருப்பான்."

அவன் எதிர்த்துப் பேசவில்லை. பக்கத்துத் தோகையில் இன்னொரு முடிச்சு போட்டுவிட்டு என் பின்னால் வந்தான். இருபது நிமிடம் கழித்து அதே நீலக் கம்பம், அதே செடி, இரண்டு முடிச்சு.

உங்களைப் பற்றி என்ன தெரிந்துகொண்டீர்கள்? பிடிவாதக்காரி என்பதையா?

எல்லாரும் அப்படித்தான் முடிவுகட்டுகிறார்கள். பிடிவாதம் எனக்கு ஏற்கெனவே தெரியும், அதற்குச் சோளக்காடு தேவையில்லை.

வரைபடம் பார்த்து ஓடும் பந்தயக்காரர்களிடம் ஒரு சொல்வழக்கு உண்டு: வரைபடத்தை வளைப்பது. கண்ணெதிரே ஓடை இருக்கும், வரைபடத்தில் இருக்காது. தான் தப்பான இடத்தில் நிற்கிறோம் என்று நினைப்பதற்குப் பதில், "வரைபடம் பழசு, ஓடை புதுசா வந்திருக்கும்" என்று மனசு ஒரு காரணம் கண்டுபிடிக்கும். நான் முடிச்சுக்குச் சொன்ன காரணம் அந்த ரகம். மனிதர் எல்லாருக்கும் இது வரும் என்பதால் அதிலும் எனக்குப் பெரிய அதிர்ச்சி இல்லை.

அதிர்ச்சி அதற்கு அடுத்துதான் வந்தது. இரண்டு முடிச்சையும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கணவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. "உங்களுக்குத் தெரியுமா?" என்றேன். "ரெண்டாவது தடவையே தெரியும்." மகளைப் பார்த்தேன். அவள் சோளத்தைப் பார்த்தாள். அப்பாவிடம், "ஏம்ப்பா நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்றேன். அவர் சாவதானமாகச் சொன்னார்: "நீதாம்மா தெரியும்னு சொன்ன."

நாலு பேருக்கும் தெரிந்திருக்கிறது. சொன்னது ஏழு வயதுப் பையன் ஒருவன்தான். அவனும் ஒரு தடவை சொல்லிப் பார்த்து, நான் கொடுத்த பதிலைக் கேட்டு, வாயை மூடிக்கொண்டு முடிச்சு போட ஆரம்பித்துவிட்டான். என்னிடம் சொல்வதைவிட என் பின்னால் இருபது நிமிடம் வெட்டியாக நடப்பது இவர்களுக்கு லேசாக இருந்திருக்கிறது. சமையலறையில், காரில், அப்பாவிடம் போனில் பேசும்போது எல்லாம் இப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறதா என்று யோசித்தேன். அங்கெல்லாம் தோகையில் முடிச்சு கிடையாது, அதனால் எனக்குத் தெரியவும் வழியில்லை.

அப்புறம் எப்படி வெளியே வந்தீர்கள்?

அப்பாதான். "உள்ள வரப்போ வெயில் முதுகுல அடிச்சுது. இப்ப மூஞ்சில அடிக்கிற பக்கமா போ" என்றார். அவ்வளவுதான். சந்து வரும்போதெல்லாம் வெயில் பக்கம் போகும் வழியை எடுத்தோம், அது முட்டினால் திரும்பி வந்து மகனின் முடிச்சைப் பார்த்து வேறு வழி. கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம். அதுவரை ஒன்றரை மணி நேரமாக நான் வலது, இடது, வலது என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

உங்கள் அப்பாவுக்கு மட்டும் அது எப்படித் தோன்றியது?

அப்பா பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம் போடுகிறவர். புரட்டாசியில் விதைத்துத் தை, மாசியில் அறுப்பவர். அவர் வாயில் வலது, இடது வராது. "கிழக்கால வயல்", "மேற்கால போய் வடக்க திரும்பு" என்றுதான் வரும். வீட்டுக்குள் தண்ணீர்ச் செம்பு எங்கே என்றால் "அடுப்புக்குத் தெக்கால" என்பார். சின்ன வயதில் இதைக் கேட்டு நாங்கள் சிரிப்போம்.

இது கிராமத்து வேடிக்கை இல்லை என்று பிற்பாடு தெரிந்தது. 1990களில் எரிக் பெடர்சன் என்ற மொழியியல் அறிஞர் தமிழ்நாட்டுக்கு வந்து இதையே ஆராய்ந்திருக்கிறார். மேசைமேல் உள்ள சின்னப் பொருள் எங்கே இருக்கிறது என்பதைக்கூடக் கிராமத்தார் திசையை வைத்துச் சொல்கிறார்கள், நகரத்தார் இடது, வலது என்கிறார்கள். பேசுவது ஒரே தமிழ். நான் சென்னையில் படித்து, இங்கே வந்து, நேவிகேஷன் குரல் "டர்ன் ரைட்" என்பதைக் கேட்டுக் கேட்டு அந்தப் பழக்கத்தைத் தொலைத்தவள். இடது வலது நம் உடம்போடு சுற்றும், பத்துச் சந்து திரும்பினால் கணக்கு குழம்பிவிடும். மேற்கு திரும்பாது.

இன்னொன்றும் சொன்னார். நம் ஊரில் ஐப்பசி மத்தியானம் நிழல் காலடியை ஒட்டிக் குட்டையாகக் கிடக்கும். இங்கே உச்சி வேளையிலும் அது ஆள் நீளத்துக்கு மேல் வடக்கே நீண்டு கிடக்கிறதாம். வந்து இரண்டாம் நாளே கொல்லைப்புறத்தில் நின்று பார்த்திருக்கிறார். நான் இங்கே பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன், கவனித்ததில்லை.

அவர் உள்ளே மெதுவாக நடந்ததற்கு வேறு காரணம் இருந்தது. கதிரின் மேல்தோலை லேசாக விலக்கிப் புழு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார். 2018இல் படைப்புழு வந்து அவருடைய வயலில் பாதியைத் தின்றுவிட்டது. அது அமெரிக்கக் கண்டத்துப் புழு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதன் சொந்த ஊரில் வந்து அதைத் தேடியிருக்கிறார்.

சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருகிறோமே, அது உண்மையா பிரமையா?

உண்மை. 2009இல் ஜெர்மனியின் மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த யான் சௌமன் குழுவினர் ஆட்களை ஒரு காட்டுக்குள்ளும் சஹாரா பாலைவனத்திலும் "நேராக நடங்கள்" என்று விட்டுப் பார்த்தார்கள். சூரியன் தெரிந்தவரை ஓரளவு நேராகவே நடந்தார்கள். மேகம் மூடியதும் காட்டில் வட்டமடிக்கத் தொடங்கினார்கள், தாங்கள் நேராகப் போவதாக நம்பிக்கொண்டே. கண்ணைக் கட்டிவிட்டால் வட்டம் 20 மீட்டர் அளவுக்குக்கூடச் சுருங்கியது. ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை என்ற பழைய விளக்கம் ஒத்துவரவில்லை, ஏனென்றால் அதே ஆள் ஒரு சமயம் இடப்பக்கம் வளைந்தார், ஒரு சமயம் வலப்பக்கம். நேராகப் போகிறோம் என்ற உள்ளுணர்வில் சிறுசிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகின்றன. திருத்துவதற்கு வெளியிலிருந்து சூரியனோ மலையோ வேண்டும்.

புதிர்ப்பாதையில் இதோடு பாதையே வளைந்து ஏமாற்றுவதும் சேர்கிறது.

ஆண்களுக்குத்தான் வழி நன்றாகத் தெரியும் என்கிறார்களே?

இதை என்னிடம் கேட்டவர்கள் எல்லாரும் ஆண்கள். சீ ஹீரோ க்வெஸ்ட் என்று 2016இல் ஒரு கைபேசி விளையாட்டு வந்தது. படகு ஓட்டி வழி கண்டுபிடிக்க வேண்டும், விளையாடுபவர்களின் தரவு ஆய்வுக்குப் போகும். உலகம் முழுக்க லட்சக்கணக்கானோர் விளையாடினார்கள். ஆண் பெண் இடைவெளி இருக்கத்தான் செய்தது. ஆனால் ஆண் பெண் சமத்துவம் கூடுதலாக உள்ள நாடுகளில் அந்த இடைவெளி சின்னதாக இருந்தது. அதே தரவிலிருந்து 2022இல் இன்னொன்று வந்தது: சிகாகோ போலக் கட்டம் கட்டமாகத் தெரு போட்ட நகரங்களில் வளர்ந்தவர்களைவிட, நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள் வழி கண்டுபிடிப்பதில் தேர்ந்தவர்கள். ஆக, ஆணா பெண்ணா என்பதோடு எந்த ஊர்த் தெருவில் ஓடி விளையாடினீர்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

ஒரு கையைச் சுவரில் வைத்தபடியே நடந்தால் வெளியே வந்துவிடலாம் என்கிறார்களே?

எல்லாச் சுவரும் ஒன்றோடொன்று தொடர்ந்திருந்தால் வரலாம். லண்டனை ஒட்டிய ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையின் பழைய வேலிப் புதிருக்கு இது செல்லும். ஆனால் நடுவே தனித்தீவாக நிற்கும் சோளத்திட்டில் கையை வைத்துவிட்டால் ஆயுசுக்கும் அதையே சுற்ற வேண்டியதுதான். வடிவமைப்பவர்களுக்கும் இது தெரியும், வேண்டுமென்றே தீவுகள் வைப்பார்கள்.

இதைவிட நம்பகமானது, பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சுப் பொறியாளர் ட்ரேமோ சொன்ன முறை. போகும் வழியில் ஒவ்வொரு முறையும் ஒரு குறி போடு. புது வழியில் நடந்து பழைய சந்திக்கே வந்துவிட்டால் வந்த வழியே திரும்பு. இரண்டு குறி விழுந்த வழியில் மூன்றாம் முறை கால் வைக்காதே. எப்பேர்ப்பட்ட புதிராக இருந்தாலும் வெளியே வந்துவிடலாம். என் மகன் தோகையில் முடிச்சு போட்டபோது ட்ரேமோவைக் கேள்விப்பட்டதில்லை. நான் கல்லூரியில் கணினி அறிவியல் பாடத்தில் அவரைப் படித்து மதிப்பெண் வாங்கியவள்.

போனில் ஜிபிஎஸ் போட்டால்?

நீலப்புள்ளி தெரியும், இந்த வருடம் வெட்டிய பாதை அதில் தெரியாது. சில மீட்டர் பிசகினாலும் அடுத்த பாதையில் நிற்பதாகக் காட்டும். பையிலேயே வைத்துவிடுங்கள், படம் எடுக்க மட்டும் எடுங்கள்.

யாராவது நிஜமாகவே பயந்துபோய் உதவி கேட்டதுண்டா?

உண்டு. 2011 அக்டோபரில் மாசசூசெட்ஸ் மாநிலத்து டான்வர்ஸ் ஊரில் கைக்குழந்தையோடு போன ஒரு குடும்பம், இருட்டிவிட்டதும் 911 என்ற அவசர உதவி எண்ணை அழைத்தது. போலீஸ்காரர் நாயோடு வந்து கண்டுபிடித்தார். அவர்கள் நின்ற இடத்திலிருந்து வெளியே வர 25 அடிதான் இருந்தது. அந்தச் செய்தியைப் படித்து அப்போது நானும் சிரித்தேன். இப்போது சிரிப்பதில்லை, சோளத்துக்குள் 25 அடியும் ஒன்றுதான், ஒரு மைலும் ஒன்றுதான். கலிஃபோர்னியாவின் டிக்ஸன் ஊரில் 2014இல் 60 ஏக்கரில் வெட்டி கின்னஸ் சாதனை படைத்த பண்ணையிலிருந்தும் இப்படி அழைப்புகள் போயிருக்கின்றன.

குழந்தை கையை விட்டு ஓடிவிட்டால்?

உள்ளே போவதற்கு முன்பே சொல்லிவையுங்கள்: எங்களைக் காணவில்லை என்றால் நின்ற இடத்திலேயே நில், தேடிக்கொண்டு ஓடாதே. 1981இல் கலிஃபோர்னியாவில் மலைக்காட்டில் ஒரு சிறுவன் தொலைந்து இறந்தபின், "ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு நில்" என்று குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் இயக்கமே தொடங்கினார்கள். சோளத்தட்டையைக் கட்டிக்கொள்ள முடியாது. நின்றால் போதும்.

எங்கள் அலுவலகத்தில் குழுவோடு கூட்டிப்போகிறார்கள். ஒவ்வொருவரின் குணமும் தெரிந்துவிடுமாமே?

எனக்கு நம்பிக்கை இல்லை. மேலதிகாரி கூட நடக்கும்போது யாரும் தன் சொந்தக் குணத்தில் நடக்க மாட்டார்கள். அதோடு இது காசு கொடுத்து வாங்கிய தொலைதல். ஐந்தரை மணிக்கு எப்படியும் ஆள் வந்து கூட்டிப்போவார் என்று எல்லாருக்கும் தெரியும். இதில் அமைதியாக இருந்தவர் நிஜக் காட்டிலும் அமைதியாக இருப்பார் என்று யார் சொன்னது?

என் விஷயத்தில்கூட ஒரே ஒரு சனிக்கிழமையை வைத்து முடிவெடுக்க மனசில்லாமல், அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் இளம்பெண்ணிடம் கேட்டுப் பார்த்தேன். "நான் ஒரு வேலையைத் தப்பான திசையில கொண்டுபோனா சொல்வியா?" "கண்டிப்பா சொல்வேன்" என்றாள். சொல்லிவிட்டு, "எதுக்குக் கேக்கறீங்க, போன மாசம் நடந்ததுக்கா?" என்றாள்.

சக்கரவியூகமும் இதுவும் ஒன்றா?

கதையில் அபிமன்யுவுக்கு உள்ளே போகத் தெரியும், வெளியே வரத் தெரியாது. அதனால் எல்லாருக்கும் இந்த ஒப்புமை தோன்றுகிறது. ஆனால் ஹளேபீடு கோயில் சிற்பத்தில் செதுக்கியிருக்கும் சக்கரவியூகத்தைப் பாருங்கள், அது சுருண்டு சுருண்டு நடுவுக்குப் போகும் வடிவம். பிரான்ஸின் ஷார்த்ர் தேவாலயத்தில் தரையில் பதித்திருப்பதும் கிளையில்லாத ஒற்றைப் பாதைதான். அதில் வழி தவறவே முடியாது, பொறுமை இருந்தால் போதும். சோளக்காட்டில் பொறுமையோடு தப்பான பக்கம் நடந்துகொண்டே இருக்கலாம், நான் நடந்த மாதிரி.

என்ன எடுத்துப்போக வேண்டும்?

மூடிய செருப்பு, மழை பெய்திருந்தால் பழைய செருப்பு. தண்ணீர். முழுக்கைச் சட்டை. நாலு மணிக்குமேல் உள்ளே போகாதீர்கள். கொடி கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்பா மறுபடி வந்தாரா?

இன்னும் இல்லை. வெளியே வந்ததும் டிக்கெட் எவ்வளவு என்று கேட்டார். ஆளுக்கு பதினைந்து டாலர் என்றேன். மனசுக்குள் பெருக்கினார். "ரெண்டு பேர் டிக்கெட்டு ஒரு குவிண்டால் சோளமா!" என்று காரில் ஏறும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

போன பொங்கலுக்குப் போனில் பேசும்போது என் மகன் கேட்டான், "தாத்தா, நம்ம வயல்லயும் பாதை வெட்டி டிக்கெட் போடுவீங்களா?"

"போடலாம்டா. ஆனா உங்கம்மா உள்ள போயிட்டா, அறுப்பு வரைக்கும் நான் காத்துக்கிட்டிருக்கணுமே."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். அது அப்பாவுக்கும் தெரியும்.